குட்டியின் மூக்கு எப்போது கறுக்கும்?

நாய் வளர்ப்போர் கேள்வி – பதில்

மூக்கு நிறத்தைப் பற்றி வந்திருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஸ்பிட்ஸ் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. இன்றைக்கு 25 நாள். மூன்று குட்டிகளுக்கு மூக்கு முழுக்கக் கறுத்துவிட்டது. ஒன்றுக்குப் பாதிதான். கடைசிக் குட்டிக்கு நாலைந்து புள்ளிகள் தவிர எல்லாம் ரோஸ். ஒரே ஈத்தில் ஏன் இப்படி? கடைசிக் குட்டிக்குக் கறுக்குமா? (திருச்சி வாசகர்)

பதில்: கறுக்கும் என்றே எதிர்பார்க்கலாம். புள்ளி விழுந்துவிட்டது என்பதுதான் இதில் நல்ல சேதி.

மூக்குக்கு நிறம் கொடுக்கும் செல்கள் மூக்கில் பிறப்பவை அல்ல. கரு வளரும்போது முதுகெலும்பு உருவாகும் கோட்டை ஒட்டி அவை தோன்றுகின்றன. அங்கிருந்து உடம்பு முழுக்கப் பரவிப் போகின்றன. முதுகிலிருந்து தொலைவில் இருக்கும் மூக்கு நுனி, நெஞ்சு, கால் விரல்கள், வால் நுனி ஆகிய இடங்களுக்கு அவை கடைசியாகத்தான் போய்ச் சேரும். பல நாய்களுக்கு இதே இடங்களில் வெள்ளை விழுவதற்கும் காரணம் இதுதான். போய்ச் சேர்ந்த செல் மெலனின் என்ற நிறமியைச் செய்து, சுற்றியிருக்கும் தோல் செல்களுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும். குட்டிக்குக் குட்டி இந்த வேகம் மாறுகிறது, அவ்வளவுதான்.

பிறக்கும்போது ரோஸாக இருக்கும் மூக்கில் முதல் இரண்டு வாரங்களில் மிளகு தூவினாற்போலப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். புள்ளிகள் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து, தீவு தீவாக நிற்கும். பெரும்பாலான குட்டிகளுக்கு எட்டாவது வாரத்துக்குள் மூக்கு நிறைந்துவிடும். வெள்ளை உடம்பும் முகத்தில் வெள்ளைப் பட்டையும் உள்ள குட்டிகளுக்கு நான்கு முதல் ஆறு மாதம் வரை போகலாம். டால்மேஷியன், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் ஒரு வயது வரைகூடச் சின்னச் சின்ன இடைவெளி மூடிக்கொண்டே வரும். மூக்குத் துவாரத்தின் ஓரமும் நடுவில் ஓடும் பள்ளமும் கடைசியாக நிறைகிற இடங்கள்.

கடைசிக் குட்டியின் கண் இமை விளிம்பு, உதட்டு ஓரம், பாதத்தின் அடி மெத்தை மூன்றையும் பாருங்கள். இவை கறுத்திருந்தாலோ கறுத்துக்கொண்டு வந்தாலோ மூக்கும் பின்னாலேயே வரும். மூன்றும் சுத்த ரோஸ், மூக்கில் பத்தாவது வாரத்திலும் ஒரு புள்ளிகூட இல்லை என்றால், அங்கே நிறமிச் செல்களே வந்து சேரவில்லை என்று பொருள். எதைக் கொடுத்தாலும் அந்த இடம் நிறையாது.

முன்னேறுகிறதா என்று தினமும் உற்றுப் பார்த்தால் ஒன்றும் புரியாது. வாரம் ஒருமுறை, அதே ஜன்னல் ஓரம், அதே நேரம், மூக்கின் ஈரத்தைத் துடைத்துவிட்டு நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ஈர மூக்கு படத்தில் உண்மையைவிடக் கறுப்பாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் வெளுத்துத் தெரியும். நாலு வாரப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நிறமி இல்லாத மூக்கு வேறு, ரத்தமில்லாமல் வெளுத்த மூக்கு வேறு. ரோஸ் மூக்கு ஒரு வாரத்தில் வெள்ளை வெளேரென்று மாறினால் ஈறைத் தூக்கிப் பாருங்கள். ஈறும் வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். குடற்புழு நீக்க மருந்தைக் குட்டியின் 2, 4, 6, 8 ஆவது வாரங்களில் எடைக்கேற்பக் கொடுப்பதும், தாய்க்கும் அதே சமயத்தில் கொடுப்பதும் வழக்கம்.

கேள்வி: ராஜபாளையம் குட்டி, 50 நாள். உடம்பு பால் வெள்ளை. மூக்கில் துளி கறுப்பு இல்லை. கறுக்க வைக்க என்ன தரலாம்? (சாத்தூர் வாசகர்)

பதில்: ஒன்றும் தர வேண்டாம். பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் அந்த இனத்துக்கே அடையாளம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற இனம் இது. அதன் மூக்கைக் கறுக்க வைக்க ஆசைப்படுவது விசித்திரம்தான்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகைச் செல்கள் உட்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் செல்களைப் பிழைக்க வைக்கும் ரத்தநாளப் படலம் அவற்றை நம்பித்தான் வேலை செய்கிறது. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் குட்டி பிறந்த மூன்று, நான்கு வாரங்களில் உட்காது கெட்டுவிடும். நிறமி குறைந்த இனங்களில் செவிடு அதிகம் வருவது இதனால்தான். ராஜபாளையத்திலும் அது உண்டு, டால்மேஷியனிலும் உண்டு. ரோஸ் மூக்கு இருந்தால் செவிடு என்று அர்த்தமில்லை, ஆனாலும் சோதித்துவிடுவது நல்லது.

வீட்டில் சோதிக்க, குட்டி தூங்கும்போது அதன் பார்வைக்குப் பின்னால், இரண்டு மீட்டர் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும். கை தட்டினால் காற்று மேலே படும், அதுவும் ஏமாற்றும். மற்றக் குட்டிகளோடு சேர்த்து வைத்துச் சோதித்தால், ஒன்று திரும்புவதைப் பார்த்து மற்றதும் திரும்பும். இந்தச் சோதனையில் இரண்டு காதும் கேட்காத குட்டி மட்டும்தான் பிடிபடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க மூளைத்தண்டின் மின்துடிப்பை அளக்கும் ‘பேயர்’ சோதனை வேண்டும். ஐந்து, ஆறு வார வயதுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அந்தக் கருவி எல்லா இடத்திலும் இல்லை. வசதி எங்கே இருக்கிறது என்பதைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிற குட்டி என்றால் இது அவசியம்.

கேள்வி: சாக்லேட் லாப்ரடார் குட்டி வாங்கினோம். மூக்கு பிரவுன். மூன்று மாதத்தில் கறுத்துவிடும் என்று விற்றவர் சொன்னார். ஐந்து மாதமாகியும் பிரவுன்தான். (கோவை வாசகர்)

பதில்: பத்து வருடமானாலும் பிரவுன்தான். கறுப்பு நிறமியைக் கறுப்பாக முடித்துக் கொடுக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. அதன் பழுதுபட்ட பிரதி தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வந்துவிட்டால், அந்த நாயின் உடம்பில் எங்குமே கறுப்பு நிறமி உருவாகாது. ரோமம், மூக்கு, இமை ஓரம், பாதம் எல்லாம் பிரவுன். இது குறையல்ல, சாக்லேட் நிறம் என்பதே இதுதான்.

மஞ்சள் லாப்ரடாரிலும் இது நடக்கும். மஞ்சள் ரோமம், பிரவுன் மூக்கு, பிரவுன் இமை, வெளிறிய கண் என்றால் அந்த நாய் மஞ்சள் போர்வைக்குள் இருக்கும் சாக்லேட். இதை ‘டட்லி’ மூக்கு என்பார்கள். அதேபோல உடம்பு ஈயச் சாம்பல் நிறமாக உள்ள நாய்க்கு மூக்கும் சாம்பலாகவே இருக்கும். அதுவும் மரபணுவின் வேலை. இந்த இரண்டு வகை மூக்கையும் உணவோ மருந்தோ கறுக்க வைக்காது.

கேள்வி: கடற்பாசிப் பொடி கொடுத்தால் பத்தே நாளில் மூக்கு கறுக்கும் என்கிறார்கள். 60 நாள் குட்டிக்குத் தினம் அரை ஸ்பூன் கொடுக்கலாமா? பலூடாவில் போடும் கடற்பாசியே போதுமா? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் பலூடா விஷயம். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ். நாய் வளர்ப்பவர்கள் சொல்வது கெல்ப் என்ற பழுப்புப் பாசி. குளிர்ந்த கடல்களில் வளர்வது, நம் கரையில் கிடையாது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கெல்ப் பற்றிய நம்பிக்கை வெளிநாட்டு பிரீடர்களிடம் பல காலமாக உண்டு. அதில் அயோடின் அதிகம், தைராய்டு அயோடினால் இயங்குகிறது, தைராய்டு நன்றாக இருந்தால் தோலும் ரோமமும் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஏற்கெனவே போதிய அயோடின் கிடைக்கும் குட்டிக்கு மேலும் கொடுத்தால் நிறமி கூடும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. பிறகு ஏன் பலருக்கும் பலித்தது என்கிறீர்களா? கெல்ப் கொடுப்பது ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. எதுவும் கொடுக்காத குட்டிக்கும் மூக்கு கறுக்கிற பருவம் அதுதான்.

பத்து நாள் என்பதையும் யோசியுங்கள். நாயின் மேல்தோல் அடியிலிருந்து மேலே வந்து உதிர்வதற்குச் சுமார் 3 வாரம் ஆகிறது. நிறமி அடி அடுக்கில்தான் செல்களுக்குள் போகிறது. ஆகவே உணவில் செய்கிற எந்த மாற்றத்தையும் 8 முதல் 12 வாரம் பார்க்காமல் பலன் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

அரை ஸ்பூனில் உள்ள ஆபத்து அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் நாய் உணவுக்கு வழிகாட்டும் ‘ஆஃப்கோ’ தரத்தின்படி 1 கிலோ உலர் உணவில் குறைந்தது 1 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 11 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தினம் 150 கிராம் சாப்பிடும் சின்னக் குட்டிக்கு இந்த உச்சவரம்பு ஒன்றரை மில்லிகிராம் சொச்சம்தான். கெல்ப் பொடியிலோ பாசியின் இனம், அறுத்த இடம், பருவம் இவற்றைப் பொறுத்து 1 கிராமுக்கு அரை மில்லிகிராமும் இருக்கும், பல மில்லிகிராமும் இருக்கும். அரை ஸ்பூன் என்பது ஒன்றரை கிராம் வாக்கில் வரும். ஒரே நாளில் வரம்பைத் தாண்டிவிடலாம். அதிக அயோடின் தைராய்டை ஊக்குவிக்காது, அடக்கிப்போடும். நிறமிக்காகக் கொடுத்தது வளர்ச்சியையே பிடித்துக்கொள்ளும்.

கொடுத்தே தீர வேண்டும் என்றால், டப்பாவில் அயோடின் அளவு அச்சிட்டிருக்கும் பொடியை மட்டும் வாங்கி, அந்த எண்ணை மருத்துவரிடம் காட்டி அளவு கேளுங்கள். எண் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். எங்களைக் கேட்டால் அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

கேள்வி: மூன்று மாத லாப்ரடார் குட்டி, 8 கிலோ. மூன்று வேளையும் பால் சோறு, சில நாள் தயிர் சோறு. வாரம் ஒரு முட்டை. கால்சியம் சிரப் தினமும் கொடுக்கிறோம். மூக்கு கறுப்பாக இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. ரோமமும் மங்கிவிட்டது. ஈரல் கொடுத்தால் சரியாகுமா? (சேலம் வாசகர்)

பதில்: உணவால் மூக்கு நிறம் மாறும் என்பது உண்மையாகப் பொருந்துகிற இடம் இதுதான். உங்கள் குட்டிக்குத் தேவை மருந்தல்ல, சாப்பாடு.

மெலனின் எதிலிருந்து உருவாகிறது? டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. அது புரதத்தில்தான் வரும். ஃபீனைல் அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்தும் உடம்பு அதைச் செய்துகொள்ளும். அதை நிறமியாக மாற்றும் நொதிக்குச் செம்பு வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குட்டி எடை போடுவதற்குத் தேவையான டைரோசின் அளவைவிட, ரோமம் முழுக் கறுப்பாக இருப்பதற்குத் தேவையான அளவு கூடுதல். ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புரதம் கொஞ்சம் குறைந்தால் குட்டி வளரத்தான் செய்யும், ஆனால் கறுப்பு செம்பட்டையாகும்.

பால் சோற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிராம் அரிசி வடித்தால் சுமார் 200 கிராம் சோறு. அதில் புரதம் 5 கிராம். 100 மில்லி பாலில் 3 கிராம் சொச்சம். இரண்டிலும் தண்ணீரை நீக்கிவிட்டால் மிஞ்சும் உலர் எடை 75 கிராம். புரதம் 8 கிராம். அதாவது 11 சதவீதத்தை ஒட்டி. வளரும் குட்டிக்கு ஆஃப்கோ சொல்லும் குறைந்தபட்ச அளவு 22.5 சதவீதம். பாதிதான் போகிறது. செம்பும் துத்தநாகமும் இந்தச் சாப்பாட்டில் மிகக் குறைவு.

அதன்மேல் கால்சியம் சிரப். அளவுக்கு மேல் போகும் கால்சியம் குடலில் துத்தநாகம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. துத்தநாகம் குறைந்தால் மூக்கு, கண், வாய் ஓரங்களில் செதிலும் பொருக்கும் வரும். பெரிய இனக் குட்டிக்கு எலும்பு வளர்ச்சியும் கெடும். முழுமையான குட்டி உணவுக்கு மாறியதும் சிரப்பை நிறுத்திவிடுங்கள்.

என்ன கொடுப்பது? 8 கிலோ எடையுள்ள, நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கிலோ கலோரி தேவை. குட்டிகளுக்கான, ‘வளர்ச்சிக்கு முழுமையானது’ என்று பையில் எழுதியிருக்கும் உலர் உணவு 100 கிராமில் 350 முதல் 380 கிலோ கலோரி வரை இருக்கும். பெரிய இனக் குட்டிக்கென்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆகவே தினம் 250 கிராம் உலர் உணவு, அதோடு வேகவைத்த முட்டை ஒன்று அல்லது எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 50 கிராம். நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மேலே சேர்க்கும் முட்டை, கறி எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், உலர் உணவில் கணக்குப் பார்த்து வைத்த கால்சியம், செம்பு விகிதம் கலையத் தொடங்கும். நான்கு மாதம் தாண்டினால் ஒரு கிலோ எடைக்கான தேவை குறையும்; எடை பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் வரும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்து அரை, பிறகு முக்கால், எட்டாவது நாள் முழுக்க. முட்டையை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும்; பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கண்ணளவில் செய்யாமல், கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிய அளவுப்படி செய்யுங்கள். கறியும் சோறும் மட்டும் போட்டு, புரதம் சரியாகி, எலும்பு வளைந்த குட்டிகள் நிறைய உண்டு.

ஈரல் நல்லதுதான், செம்பும் வைட்டமின் ஏ-யும் நிறைய. செம்புக்காக என்றால் ஆட்டு ஈரல்தான். செம்மறி ஈரலில் 100 கிராமுக்கு 7 மில்லிகிராம் வாக்கில் செம்பு உண்டு; கோழி ஈரலில் அரை மில்லிகிராம்தான். உங்கள் குட்டிக்கு வாரம் இரண்டு முறை 15 முதல் 20 கிராம் போதும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ சேர்ந்துகொண்டே போய் எலும்பைப் பாதிக்கும். செம்பு மாத்திரை மட்டும் தனியாகக் கொடுக்கவே கூடாது. லாப்ரடார், டாபர்மேன் போன்ற இனங்களில் சில நாய்களுக்குச் செம்பு வெளியேறாமல் கல்லீரலில் தேங்கும் பரம்பரைக் கோளாறு இருக்கிறது. ஈரலைப் பச்சையாகப் போடாதீர்கள். ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும் நீர்க்கட்டிப் புழு நாய்க்குப் போய், நாயின் கழிவு வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும். நன்றாக வேகவைத்தால் அந்தக் கவலை இல்லை.

மூக்கின் கறுப்பு திரும்ப 2, 3 மாதம் ஆகும். ரோமத்தில் மாற்றம் அடுத்த உதிர்வுக்குப் பிறகுதான் தெரியும். இது வெறும் உணவுக்குறைதானா என்பதை உறுதிப்படுத்த, புழுவுக்கு ஒருமுறை மலம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வெயிலில் விட்டால் மூக்கு கறுக்குமா? தேங்காய் எண்ணெய், கரிசலாங்கண்ணிச் சாறு தடவலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வெயில் நிறமியைத் தூண்டும், நிறமிச் செல் இருக்கும் இடத்தில் மட்டும். புள்ளி விழுந்துகொண்டிருக்கும் மூக்குக்குக் காலை எட்டு மணிக்கு முன் 15, 20 நிமிடம் வெளியில் ஓடியாடினால் போதும். புள்ளியே இல்லாத ரோஸ் தோலை வெயிலில் போட்டால் வெந்துதான் போகும். சிவக்கும், செதில் விடும், பொருக்குக் கட்டும். வருடக்கணக்கில் இப்படி வெந்த தோலில் புற்று வரும் வாய்ப்பும் கூடும். அத்தகைய நாயைக் காலை 10 முதல் மாலை 4 வரை நிழலில் வையுங்கள்.

நாம் பூசும் சன்ஸ்கிரீனை நாய்க்குப் பூச வேண்டாம். மூக்கில் எதைத் தடவினாலும் அரை நிமிடத்தில் நக்கிவிடும். பல கிரீம்களில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடு வயிற்றுக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், சாலிசிலேட் என்ற இன்னொரு பொருளும் நல்லதல்ல. நாய்க்கென்றே தயாரித்த, நக்கினாலும் பாதகமில்லை என்று எழுதியிருப்பதை வாங்கி, வெளியே போவதற்கு முன் தடவி, காயும்வரை பத்து நிமிடம் கவனத்தைத் திருப்புங்கள்.

தேங்காய் எண்ணெய் காய்ந்த மூக்கை மிருதுவாக்கும். எண்ணெய் பட்ட மூக்கு கறுப்பாகத் தெரியும். காய்ந்ததும் பழைய நிறம்தான். கரிசலாங்கண்ணிச் சாறும் அப்படித்தான், கறை மட்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் தட்டால் மூக்கு வெளுக்கும் என்பது உண்மையா? (சென்னை வாசகர்)

பதில்: சில ரப்பர், பிளாஸ்டிக்குகளில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் நிறமி உருவாவதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் மூக்கு வெளுத்த நாய்களில் மிகச் சிலவற்றுக்கே அது காரணம். அப்படியென்றால் மூக்கோடு தட்டு உரசும் உதடும் வெளுத்திருக்கும். எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு மூன்று மாதம் பாருங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் அழுக்கும் கிருமியும் தங்குவதால், மூக்குக்காக இல்லாவிட்டாலும் மாற்றுவது நல்லதுதான்.

கேள்வி: மூன்று வயது மஞ்சள் லாப்ரடார். குட்டியில் மூக்கு கருகருவென்று இருந்தது. இப்போது நடுவில் ரோஸ் பட்டை ஓடுகிறது. டிசம்பரில் அதிகம், மே மாதத்தில் குறைகிறது. வியாதியா? (ஓசூர் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வியாதி இல்லை. பனி மூக்கு என்பார்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, வெள்ளை ஸ்பிட்ஸ் இவற்றில் சகஜம். குளிரில் மங்கி வெயில் காலத்தில் திரும்பும். வயதாக ஆக, திரும்புவது குறைந்து பட்டை நிரந்தரமாகிவிடும். வெப்பமான ஊர்களிலும் மங்குவதைப் பார்க்கலாம், ஆகவே பனி மட்டுமே காரணம் இல்லை. சிகிச்சை தேவையில்லை.

ஆனால் கறுப்பாக இருந்த மூக்கு வெளுத்தால் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான மூக்கின் மேல் கல் பாவிய தெருப்போலச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். நிறம் மட்டும் போய், கட்டங்கள் அப்படியே இருந்தால் பயமில்லை. கட்டங்கள் மறைந்து மூக்கு வழவழவென்று ஆகிவிட்டாலோ, முதலில் சாம்பல் நீலமாகி, பிறகு ரோஸாகி, பொருக்கும் புண்ணும் ரத்தக் கசிவும் வந்தாலோ, உடம்பே தன் தோலைத் தாக்கும் லூபஸ், பெம்ஃபிகஸ் வகை நோயாக இருக்கலாம். அதை உறுதிசெய்யத் தோல் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். புண்ணின் நடுவில் எடுக்காமல், நிறம் மங்கத் தொடங்கிய ஓரத்தில் எடுத்தால்தான் விடை கிடைக்கும். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே தடவிவிட்டுப் போனால் துணுக்கில் ஒன்றும் தெரியாது.

மூக்கு வெளுப்பதோடு கண் சிவந்து, வெளிச்சம் கூசி, கண்ணீர் வடிந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். அகிட்டா, ஹஸ்கி, சமோயெட் போன்ற இனங்களில் நிறமிச் செல்களைக் கண்ணிலும் தோலிலும் ஒருசேரத் தாக்கும் நோய் உண்டு. தாமதித்தால் பார்வை போய்விடும்.

கேள்வி: நான்கு மாதக் குட்டிக்கு மூக்கு தடித்து, காய்ந்து, வெடிக்கிறது. பாதமும் கெட்டியாக இருக்கிறது. நிறத்துக்கு என்ன செய்வது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நிறத்தை விடுங்கள். மூக்கும் பாதமும் சேர்ந்து தடிப்பது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயின் அறிகுறியாக இருக்கலாம். தடுப்பூசி முழுமையாகப் போட்டீர்களா? சளி, கண் பீளை, கழிச்சல், தசை வெட்டி வெட்டி இழுப்பது இவற்றில் ஏதாவது இருந்ததா? மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்து, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எட்டு மாத நாய், கம்பிக் கதவில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து மேல் பகுதி ரோஸாகிவிட்டது. (ஈரோடு வாசகர்)

பதில்: உராய்ந்த மூக்கில் மேல்தோல் போய்விடுகிறது. அடி அடுக்கு தப்பியிருந்தால் சில வாரங்களில் ஓரத்திலிருந்து கறுப்பு ஊர்ந்து வந்து மூடும். ஆழமாக வெட்டித் தழும்பாகியிருந்தால் அந்த இடம் ரோஸாகவே நின்றுவிடும். தேய்ப்பதை நிறுத்தாமல் எந்தக் களிம்பும் உதவாது. கதவின் கீழ் ஒன்றரை அடிக்கு வெளிப்பக்கமாகத் தகடு அடித்து மூடுங்கள். வெளியே பார்க்க முடியாவிட்டால் பல நாய்கள் தேய்ப்பதை விட்டுவிடும். பூட்டிவைக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முழு வைத்தியம்.

கேள்வி: குட்டி வாங்கும்போது மூக்கில் மை பூசியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வேலூர் வாசகர்)

பதில்: வெள்ளைப் பஞ்சில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மூக்கை மெதுவாகத் துடையுங்கள். மையோ கண்மையோ என்றால் பஞ்சில் வந்துவிடும். ஹேர் டை என்றால் வராது. அதற்கு மூக்குத் துவாரத்தின் உள் ஓரத்தைப் பாருங்கள். பூசுகிறவர் கை அங்கே எட்டாது. மூக்கைச் சுற்றியுள்ள ரோமத்தின் அடியில் கறை இருக்கும். ஹேர் டையில் உள்ள ரசாயனம் குட்டியின் மூக்கைப் புண்ணாக்கும், நக்கினால் விஷம். மூக்கு சிவந்து ஈரம் வற்றியிருந்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் தாயைப் பாருங்கள்.

கேள்வி: டால்மேஷியன் குட்டி, ஐந்து மாதம். மூக்கில் பட்டாணி அளவு ரோஸ். ஷோவுக்குப் போகலாமா? பச்சை குத்தி மறைக்கலாம் என்கிறார் ஒருவர். (பெங்களூரு வாசகர்)

பதில்: ஐந்து மாதத்தில் பட்டாணி அளவு என்றால் மூடிக்கொள்ள நிறையவே வாய்ப்பிருக்கிறது, ஒரு வயது வரை பொறுங்கள். டால்மேஷியனில் நிறையாத மூக்கைக் குறையாகத்தான் கணக்கிடுவார்கள். ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஒரு வயதுக்குள் இருக்கும் ரோஸ் திட்டைக் குறையாக எடுப்பதில்லை. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள் உள்ள ‘ஹார்லிகுவின்’ கிரேட் டேனில் கறுப்புப் புள்ளி போட்ட மூக்கை அனுமதிக்கிறார்கள். லாப்ரடாரில், அமெரிக்க கென்னல் கிளப் தரப்படி, சுத்தமாக நிறமியே இல்லாத மூக்கு இருந்தால் நாயைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். மங்கிய மூக்கைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆகவே உங்கள் ஷோவை நடத்தும் கிளப் எந்தத் தரக்குறிப்பைப் பின்பற்றுகிறது என்று கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பச்சை குத்துவது ஏமாற்று வேலை, பிடிபட்டால் நாயை வெளியேற்றுவார்கள். நாய்க்கு அதிக நரம்பு முனைகள் இருக்கும் இடங்களில் மூக்கும் ஒன்று. மயக்க மருந்து இல்லாமல் அங்கே ஊசி குத்துவது கொடுமை. அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விட்டால் குட்டிகள் திரும்ப அதே ரோஸோடு பிறக்கும், வாங்கியவர் உங்களிடம் வந்து நிற்பார். அதைவிட மூக்கு நன்றாக நிறைந்த, இரண்டு காதும் கேட்கிறதென்று சோதித்த துணையைத் தேடுங்கள்.

இனம் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்த மற்ற இருவருக்கும் ஒன்று. சாம்பலும் கறுப்பும் கலந்து திட்டுத் திட்டாக இருக்கும் ‘மெர்ல்’ நிற நாய்கள் இரண்டை இணை சேர்க்காதீர்கள். நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வர வாய்ப்புண்டு. அப்படி வரும் குட்டி பெரும்பாலும் வெள்ளையாக, ரோஸ் மூக்கோடு, காது கேட்காமலோ கண் சிறுத்தோ பிறக்கும்.